கடற்கரையில் கல் கொட்டுவதை ஏன் எதிர்க்கிறோம்?

“கடல் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அரசாங்கம் கல் கொட்டுகிறேன், தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன் என்று வந்தால் அதற்கும் சிலர் வழக்குப் போடுகிறார்கள். குப்பத்து ஜனங்களைவிட மணல் பெரியதா?” நீலாங்கரைப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் வரிசை. கோபத்தோடு கேட்டிருந்தாலும் நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். கல், தனக்குப் பின்னால் இருக்கும் ரோட்டையோ வீட்டையோ காப்பாற்றும். தனக்கு முன்னால் இருக்கும் மணலைக் காப்பாற்றாது. சென்னைக் கரையில் அதோடு நிற்காமல், வடக்கே இருக்கும் அடுத்த ஊரின் மணலையும் பறித்துவிடும். மீனவக் குப்பத்துக்கு மணல்தான் துறைமுகம், களம், முற்றம் எல்லாம். அதனால் மணலா ஜனங்களா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மணல் போன குப்பத்தில் ஜனங்களும் நிலைப்பதில்லை.

இது ஏன் என்று புரிய, நம் கரையில் மணல் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைக் கிளப்பி வடக்குப் பக்கம் தள்ளி வைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று திரும்பும்போது மணலும் திரும்பித் தெற்கே போகிறது, ஆனால் குறைவாக. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. நாம் மெரினா, எலியட்ஸ், திருவான்மியூர் என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்தாலும் கடலுக்கு எல்லாம் ஒரே மணல்தான். கோவளத்தில் கால் வைத்து நின்ற மணல் ஒரு நாள் எண்ணூரைக் கடந்து போக வேண்டியது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே எதை நீட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். இதற்கு ஆய்வறிக்கை தேடிப் போக வேண்டியதில்லை, சென்னையின் வரைபடமே சாட்சி. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் கடல் இருந்தது. கப்பல்கள் ஆழத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றி, அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 1881 புயல் கட்டியதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட நாளிலிருந்து அதற்குத் தெற்கே மணல் குவிய ஆரம்பித்தது. மணல் துறைமுக வாயிலையே அடைக்கப் பார்த்ததால், கிழக்கே திறந்திருந்த வாயிலை மூடி வடகிழக்குப் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது இருந்த கரை குறுகலானது. இன்று சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் நடந்தால்தான் தண்ணீரில் கால் படும்.

அந்த அகலம் முழுக்க ராயபுரத்துக்கும் அதன் வடக்கே இருக்கும் ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டிய மணல். மெரினா வளர வளர, துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கரை உள்வாங்கிக்கொண்டே போனது. நூறு வருஷத்தில் கடல் சில நூறு மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. தெருக்கள், கோயில்கள், வலை உலர்த்திய மேடுகள் எல்லாம் போயின. வடசென்னையில் வயதான எந்த மீனவரிடம் கேட்டாலும் கடலுக்குள் கையை நீட்டி, “அங்கேதான் எங்க தாத்தா வீடு” என்பார். மெரினாவில் சுண்டல் சாப்பிடும் நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது. வடசென்னைக்காரர்களுக்கு அது குடும்பக் கதை.

அப்புறம்தான் கல் வந்தது. முதலில் கரையோரம் முழுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லின் அடியில் மணல் அரிபட்டு, கற்கள் சரிந்து கடலுக்குள் இறங்கின; மேலே மறுபடி கொட்டினார்கள். 2000-களில் எண்ணூர் விரைவுச் சாலையைக் காப்பாற்ற வரிசையாகத் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். சாலை நின்றது, அதை மறுக்க மாட்டேன். இரண்டு வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் கொஞ்சம் மணலும் சேர்ந்தது. ஆனால் வரிசை எங்கே முடிந்ததோ, அதற்கு வடக்கே அரிப்பு கிளம்பியது. அங்கே இருந்த குப்பத்தாரும் எங்களுக்கும் வளைவு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? பக்கத்து ஊரின் கல் தங்கள் மணலைத் தின்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் அவர்கள். இப்படித்தான் ஒரு தூண்டில் வளைவு அடுத்ததைக் கேட்கிறது. ஒரு ஊரின் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்று சொல்லி அதை வடக்கே தள்ளிவிட்டுக்கொண்டே போகிறோம்.

நேராகக் கரையோரம் எழுப்பும் சுவர் வேறு விதமாகக் கெடுக்கும். மணல் சரிவில் ஏறும் அலை மெல்லத் தன் பலத்தை இழந்து, பாதித் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, மீதி அமைதியாகத் திரும்பும். சுவரில் மோதும் அலைக்கு அந்த அவகாசம் இல்லை. மோதிய வேகத்திலேயே திரும்பிச் சுவரின் அடியைத் தோண்டும். கொஞ்ச நாளில் சுவருக்கு முன்னால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் பெரிய அலைகள் உடையாமல் கிட்டே வரும், சுவரை இன்னும் உயர்த்த வேண்டும். கரை பின்வாங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் சுவர் எழுப்பினால், கடல் முன்னே வரும், சுவர் நகராது. நடுவில் இருந்த மணல் நசுங்கி இல்லாமல் போகும்.

பலரும் தவறவிடும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடற்கரை வருஷம் முழுக்க ஒரே அகலத்தில் இருக்காது. புயல் மாதங்களில் பெரிய அலைகள் கரை மணலை அள்ளிக்கொண்டு போய்ச் சற்று தூரத்தில் கடலடியில் திட்டாக வைக்கும். அந்தத் திட்டில் மோதி அடுத்த அலைகள் முன்னாடியே உடைந்துவிடுவதால் கரைக்கு அடி குறைகிறது. தை, மாசி பிறந்து கடல் அடங்கியதும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்துக்கு இடம் விட்டால் போதும், கரை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் நடப்பது என்ன? டிசம்பரில் புயல் அடித்து மணல் போன வாரத்தில் போட்டோ எடுக்கிறார்கள், செய்தி வருகிறது, அவசரம் அவசரமாக லாரியில் கல் வந்து இறங்குகிறது. ஏப்ரலில் திரும்பி வந்திருக்கும் மணலுக்கு அங்கே படுக்க இடமில்லை.

பாண்டிச்சேரியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காகச் செய்யவில்லை. சில வருஷத்தில் நகரத்துக்கு முன்னால் இருந்த அழகான மணற்கரை காணாமல் போய்க் கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. சுற்றுலா போனவர்கள் பல வருஷம் அந்தக் கல் மேல் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்தோம். நகரத்தைக் கல் காப்பாற்றியதும் அரிப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. அங்கே வீடிழந்த மீனவர்களுக்கு அந்தத் துறைமுகத்தால் எந்தப் பயனும் இல்லை. பிறகு நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், பாண்டிச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் ஒரு ஆப்பு வடிவ செயற்கைத் திட்டை இறக்கி, மணலும் கொட்டியது. 2018, 2019 வாக்கில் அங்கே மறுபடி மணல் தெரிந்தது. பிள்ளைகள் விளையாட இறங்கினார்கள். கல்லைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம். அந்தத் திட்டும் மனிதன் போட்டதுதான், அதற்கும் அதன் பக்கவிளைவுகள் உண்டு. ஆனாலும் அங்கே கடற்கரையை மீட்டுத் தந்தது மணல்.

மாநிலம் முழுக்கவும் நிலவரம் இதேதான். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிபடுவதாகக் கண்டது. தமிழ்நாட்டில் அது 40 சதவீதத்துக்கும் மேல். இதில் இயற்கையின் பங்கும் உண்டு, கடல் மட்டம் உயர்வதும் உண்டு. ஆறுகளில் அணை கட்டி, பாலாறு போன்ற ஆறுகளில் மணலை அள்ளித் தின்றதால் கடலுக்குப் புது மணல் வருவதும் குறைந்துவிட்டது. வரத்து குறைந்த நேரத்தில் இருப்பதையும் கல்லால் தடுத்துப் பிடிப்பதுதான் நிலைமையை மோசமாக்குகிறது.

நீலாங்கரை நண்பருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஈ.சி.ஆர். தெற்கே கோவளத்தில் தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ல் திறக்கப்பட்டது. அதற்காகக் கரையில் வேலை நடந்த காலத்திலிருந்தே தங்கள் கரை அரிபடுகிறது என்று பக்கத்துச் சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் சொல்லி வந்தார்கள். பாலவாக்கம் முதல் உத்தண்டி வரை கடலைப் பார்த்த பங்களாக்கள். மணல் மேட்டைச் சமப்படுத்திக் காம்பவுண்டு சுவரைக் கரைக்கே நீட்டியவர்கள் அதில் பலர். அந்தச் சுவருக்கு ஆபத்து வந்ததும் கல் கேட்கிறார்கள். கடற்கரைப் புறம்போக்கு எல்லோருக்கும் பொது. ஒருவரின் தோட்டத்தைக் காப்பாற்றப் பொதுக் கரையில் கல் அடுக்கினால், படகு ஏற்றவும் கரைவலை இழுக்கவும் ஊராருக்கு இருந்த உரிமை சத்தமில்லாமல் பறிபோகிறது. பட்டா வைத்திருப்பவருக்கு வாயும் வக்கீலும் உண்டு. கரைவலைக்காரருக்கு எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லை. கல் விஷயத்தில் என்னை அதிகம் சுடுவது இந்த அநியாயம்தான்.

அந்த வலைக்காரரின் பக்கமிருந்து கொஞ்சம் பாருங்கள். ஃபைபர் படகை அலை தாண்டிக் கொண்டுவந்து மணலில் ஏற்றி நிறுத்த அகலமான கரை வேண்டும். கல் இருந்தால் படகு உடையும், ஆளும் அடிபடுவார். அதனால் படகைத் தூரத்துத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட வேண்டும். டீசல், ஆட்டோ, காவல் என்று செலவு. வாசலிலேயே மீன் ஏலம் எடுத்து விற்ற பெண்களுக்கு அந்த வியாபாரம் போகிறது. கருவாடு காயப்போட இடமில்லை. வீடு பத்திரமாக இருக்கிறது, பிழைப்பு போய்விட்டது. கல் கொட்டிக் காப்பாற்றினோம் என்று கணக்கெழுதும்போது இந்த இழப்புகளையும் எழுத வேண்டும்.

பங்குனி ஆமைகளுக்கும் அதே கதி. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988 முதல் ராத்திரி நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். கல் வரிசையில் முட்டும் ஆமை முட்டையிட இடமில்லாமல் திரும்பும், இல்லையென்றால் அலை எட்டும் இடத்திலேயே இட்டுவிட்டுப் போகும்.

சரி, எந்த இடத்திலும் கல்லே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்று கல்லை எடுத்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் போகும். அங்கே அது இருக்க வேண்டியதுதான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் போட்ட கல்லை யாரும் குறை சொல்ல முடியாது. பல்லவன் கட்டியதைப் பின்னுக்கு நகர்த்த முடியாது அல்லவா! பழவேற்காட்டில் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோய்ப் படகு போக வழியில்லாமல் தவித்த மீனவர்களே, முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் நீளும் நேர்கல் சுவர் கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் எதிர்ப்பது, இன்னும் மணல் மிஞ்சியிருக்கும் பொதுக் கரையில், வேறு எதையும் முயன்று பார்க்காமல், முதல் மருந்தாகவே கல்லை எடுப்பதை.

கரையில் எதையுமே கட்டக்கூடாது என்பதும் என் கட்சி இல்லை. மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்து வாழ்க்கையில் முதல்முறையாக அலையைத் தொட்டவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. வீண் செலவு என்று அப்போது நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் அதை எடுத்துக்கொண்டது, சரிசெய்து மறுபடி திறந்தார்கள், கரைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கடற்கரையில் வைக்கும் பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும்: உடைந்தால் மாற்றலாம், தேவையென்றால் கழற்றலாம், மணலின் வழியை மறிக்காது.

அப்படியானால் அரிப்புக்கு என்னதான் வழி? மணலைத் தடுத்தவர்களே அதைத் தடுப்பைத் தாண்டி வடக்கே சேர்த்துவிட வேண்டும். துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்ததைத் தோண்டியோ குழாயில் உறிஞ்சியோ வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அடிப்படையான தீர்வு. இது புதுசு இல்லை. விசாகப்பட்டினத்தில் தூர்வாரிய மணலை ஊரின் கடற்கரையில் கொட்டுவது நெடுங்கால வழக்கம். நம்ம எண்ணூர்த் துறைமுகம் கட்டியபோதும் தூர்வாரிய மணலில் ஒரு பெரும் பங்கைக் கரையில்தான் போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் இதற்கென்றே நிரந்தரப் பம்பு ஓடுகிறது. செலவு ஆகும், வருஷா வருஷம் ஆகும். அந்தச் செலவைத் துறைமுகம் ஏற்க வேண்டும், ஏனென்றால் மணலை நிறுத்தியது அது. ஒரு துறைமுகத்தின் லாபக் கணக்கில் வடக்கே கரை இழக்கும் ஊர்களின் நஷ்டம் இதுவரை எழுதப்பட்டதே இல்லை. எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகங்கள் விரியும்போது பழவேற்காடு வரை இருக்கும் மீனவர்கள் பதறுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, மணல் மேடுகளை விட்டுவைப்பது. அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மேடுதான் புயலுக்குக் கரையின் சேமிப்பு. நெய்தல் பாட்டுகளில் அடும்பு சும்மா அழகுக்கு வரவில்லை, நம் கரை முழுக்க அது படர்ந்திருந்தது. இப்போது சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரம் விட்டு அதை வழித்துவிடுகிறார்கள். குப்பையைக் கையால் பொறுக்கிவிட்டுக் கொடியை விட்டால் காசு செலவில்லாமல் மேடு வளரும். மூன்றாவது, கட்டடத்தைப் பின்னால் வைப்பது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்ததே அதற்காகத்தான். 2011-லும் 2019-லும் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் சலுகைகளும் கூடவே வந்தன. கிராமப்புறக் கரையில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடை, மக்கள் நெருக்கம் கூடிய இடங்களில் 2019-க்குப் பின் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அரிப்புத் தடுப்புப் பணிகளுக்கும் அந்த விதிகளில் இடம் உண்டு, ஆய்வும் அனுமதியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவசரம் என்ற பெயரில் அந்த நிபந்தனையைத் தாண்டிப் போகும்போதுதான் வழக்கு வருகிறது. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலம் 1985 முதலே கடலோரக் கற்சுவர்களுக்கு விதி போட்டுத் தடை வைத்து, 2003-ல் அதைச் சட்டமாக்கியது. பிற்பாடு சில விலக்குகள் தந்தாலும், பொதுக் கரை மணலாகவே இருக்க வேண்டும் என்பதை அரசே கொள்கையாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

கடைசியாக, கேட்டவருக்கு உபயோகமாக ஒன்று. உங்கள் தெரு முனையில் அசையாத ஒரு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள், விளக்குக் கம்பமோ கோயில் சுவரோ. அங்கிருந்து ஈர மணல் தொடங்கும் இடம் வரை மாதம் ஒருமுறை, ஒரே திதியில், அளந்து தேதியோடு எழுதி, அதே இடத்தில் நின்று போட்டோவும் எடுங்கள். சென்னையில் ஓதம் ஏறி இறங்குவது பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் இந்த அளவீடு ஓரளவு நம்பத்தக்கது. டிசம்பரில் போனது ஏப்ரலில் திரும்புகிறதா என்று இரண்டு மூன்று வருஷத்தில் தெரிந்துவிடும். திரும்பினால் உங்கள் கரைக்கு நோயே இல்லை. திரும்பாவிட்டால் தெற்கே எது மணலை மறித்தது என்று தேட வேண்டும். கல் கொட்டும் திட்டம் வந்தால் அதன் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை விளைவைக் கணக்கிட்டிருக்கிறார்கள், அங்கே இருக்கும் குப்பத்தாரிடம் கேட்டார்களா, மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைப் பரிசீலித்தார்களா, ஐந்து வருஷம் கழித்து யார் பராமரிப்பார்கள் என்று பாருங்கள். பதில் இல்லாத இடங்களைக் குறித்து, ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு உங்கள் அளவுகளோடு எழுதுங்கள். எழுதும்போது வடக்குப் பக்கத்துக் குப்பத்தின் பஞ்சாயத்தாரிடமும் பேசி, அவர்கள் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.